லாட்ஜிங் உண்டு... போர்டிங் கிடையாது!

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அங்கே பறவைகள் சாப்பிடுவதில்லை.

அதாவது, பெரும்பாலும் சாப்பிடுவதில்லை. நீர்க்காகம் சில, சோம்பேறித்தனத்தினாலோ என்னவோ, ஏரிக்குள்ளேயே முங்கி எழுந்து டிபனை முடித்துக்கொள்ளும். மற்றபடி அந்த 74 ஏக்கர் ஏரி ஒரு லாட்ஜ்தான். தங்கலாம், கூடு கட்டிக் குடித்தனம் நடத்தலாம், பிள்ளை குட்டி பெறலாம். சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே போய்க்கொள்ள வேண்டும். நல்ல மழை பெய்த வருஷத்தில் முப்பதாயிரம் பறவைகளுக்கு மேல் வந்து இறங்குகிற இடத்தில், அத்தனை பேருக்கும் உள்ளேயே இலை போட முடியுமா, சொல்லுங்கள்!

எனவே விடிந்ததும் புறப்பாடு. நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா என்று அணி அணியாகக் கிளம்பி, சுற்றுவட்டார ஏரி, குட்டை, வாய்க்கால், நெல் வயல் என்று கலைகின்றன. தொண்டை நிறைய சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து, கூட்டில் 'கர்... கர்...' என்று கத்திக்கொண்டிருக்கும் குஞ்சுகளுக்கு இறக்குகின்றன. மறுபடி புறப்பாடு. தாம்பரம் ஸ்டேஷன் தோற்றது போங்கள்.

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும். மொத்தம் எண்பது கிலோமீட்டர் சுமார். ஊர்ப் பெயருக்கு வேடர்கள் தங்கிய இடம் என்று அர்த்தம் சொல்கிறார்கள். தாங்கல் என்றால் இந்தப் பக்கத்தில் சின்ன ஏரி என்றும் பொருள். வேடனின் பெயரை வைத்துக்கொண்டு இருநூற்றைம்பது வருஷமாகப் பறவைகளைக் காப்பாற்றி வருகிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

காப்பாற்றியது ராஜாவோ சர்க்காரோ இல்லை. ஊர்க்காரர்கள். 1790களில் வெள்ளைக்கார சிப்பாய்கள் பொழுதுபோகாமல் துப்பாக்கியோடு வந்து கொக்குகளைச் சுட்டிருக்கிறார்கள். கிராமத்தார் பிராது எடுத்துக்கொண்டு நேரே செங்கல்பட்டு கலெக்டரிடம் போனார்கள். அப்போது கலெக்டர், லயனல் பிளேஸ் துரை. பக்கத்து மதுராந்தகத்தில், பெருமழையில் உடைய இருந்த ஏரிக்கரையை ராம லட்சுமணர் வில்லோடு காவல் காத்ததைக் கண்டதாகக் கதை சொல்கிறார்களே, அதே துரைதான்! ராமர் காத்த ஏரியைப் பார்த்தவர், பறவை தங்கும் ஏரிக்கும் உத்தரவு எழுதிக் கொடுத்தார்: இங்கே யாரும் சுடக் கூடாது. பிளேஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு இடம் கொடுக்காமல் இருக்க முடியுமா? அந்த உரிமையை 1858-லும் ஊரார் விடாப்பிடியாகப் புதுப்பித்து வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அத்தனை அக்கறைக்குக் காரணம் கருணை மட்டும் இல்லை. அதை ஏரிக்கரையில் ஒரு பெரியவர் எனக்கு இரண்டே வரியில் சொன்னார்.

"அது வெறும் தண்ணி இல்ல தம்பி, எருவு. மேல அது எச்சம் போடுது, கீழ நாங்க மதகைத் திறக்கறோம். எங்கப்பா காலத்துல கடை உரம்னா என்னன்னே தெரியாது."

வாஸ்தவம். ஏரிக்குள்ளே வரிசையாக நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கான கூடுகள். அவற்றிலிருந்து விழுகிற எச்சம் தண்ணீரில் கலந்து, தழைச்சத்தாக மாறி, ஆயக்கட்டு வயலுக்குப் பாய்கிறது. ஊருக்கு வெளியே ஐந்து மைல், பத்து மைல் தள்ளி தின்றுவிட்டு, சத்தை மட்டும் கொண்டுவந்து இந்த ஏரியில் டெபாசிட் செய்கின்றன. வட்டி கேட்காத டெபாசிட்!

இந்த இடத்தில்தான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டான். பறவை பார்க்கப் போகிறவர்கள் பைனாகுலர் வழியாக இறக்கையை, மூக்கை, வாலைப் பார்ப்பார்கள். எனக்கு வரவு, செலவு, கழிவுதான் தெரியும். பார்த்த வரையில், இயற்கை நடத்துகிற கம்பெனியைப் போலக் கழிவு பிடிக்கிற கம்பெனி வேறு கிடையாது.

மூலதனம் வெயில். சூரியன் ஒரு லட்ச ரூபாய் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏரிப் பாசியும் செடிகொடியும் அதில் சேமித்து உடம்பாக்குவது சுமார் ஒரு சதவிகிதம். ஆயிரம் ரூபாய். மீதி தொண்ணூற்றொன்பதாயிரம் திருப்பி அடிக்கப்பட்டு, சூடாகி, ஆவியாகிப் போச்சு. அந்தப் பாசியை நத்தை தின்கிறது. நத்தையின் உடம்பில் சேர்வது நூறு ரூபாய். நத்தையை நத்தைகுத்தி நாரை தின்றால், பத்து ரூபாய்.

ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றுதான் மேலே போகிறது. பாக்கி ஒன்பது எங்கே? எந்த அமைச்சரும் சாப்பிடவில்லை. மூச்சு விட, ஓட, நீந்த, பறக்க, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள என்று நித்தியப்படி செலவிலேயே போய்விடுகிறது. தின்னப்படாமல் தப்பித்தது, தின்றும் செரிக்காமல் வெளியேறியது என்று இன்னும் கொஞ்சம் ஒழுகுகிறது. இந்தப் பத்து சதவிகிதம் கல்வெட்டு இல்லை. சில இடத்தில் ஐந்து, சில இடத்தில் இருபது கூட இருக்கும். ஆனால் மனக்கணக்குக்குப் பத்துதான் சௌகரியம்.

இப்போது கூழைக்கடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே ரேஷன் பை மாதிரி தொங்க விட்டுக்கொண்டு, மரத்தின் உச்சியில் ஜமீன்தார் தோரணையில் உட்கார்ந்திருக்குமே, அதுதான். இது நத்தை தின்னாது. மீன்தான் வேண்டும். பாசியை நுண்ணிய நீர்ப்பூச்சிகள் தின்று, அவற்றைச் சின்ன மீன் தின்று, அந்த மீனைக் கூழைக்கடா முழுங்க வேண்டும். ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. நாரைக்குப் பத்து ரூபாய் கிடைத்த அதே வெயிலில், ஜமீன்தாருக்கு ஒரே ஒரு ரூபாய்! நடுவில் இன்னொரு பெரிய மீன் புரோக்கராக நுழைந்தால் பத்து பைசா.

நாள் ஒன்றுக்கு ஒரு கூழைக்கடாவுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ மீன் வேண்டும். பத்து சதவிகிதக் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். அந்த ஒரு கிலோ மீன் உருவாகப் பத்து கிலோ பூச்சி, அதற்கு நூறு கிலோ பாசி. ஒரு பறவை, ஒரு நாள்! மரத்தில் நத்தைகுத்திகள் மாநாடு போலக் கூடியிருக்க, கூழைக்கடாக்கள் எண்ணிக்கையில் ஒதுங்கி இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இவற்றின் குஞ்சையும் முட்டையையும் குறிவைத்து வானத்தில் வட்டமடிக்கிற பருந்தை எண்ணுவதற்கு ஒரு கை விரல் போதும். காட்டுக்குக் காடு மான் நிறைய இருக்க, புலி மட்டும் ஏன் விரல் விட்டு எண்ணும்படி இருக்கிறது என்றால், விடை இதேதான். கடைசிப் பந்தியில் மிச்சம் அவ்வளவுதான்.

அதிலும் பறவை ஜாதி இருக்கிறதே, மகா ஊதாரி. மீன் தன் உடம்பில் சேரும் சக்தியில் நூற்றுக்குப் பத்து வரை வளர்ச்சிக்கு ஒதுக்கும். பறவை ஒன்றிரண்டு சேமித்தால் அதிகம். பறக்கிறதற்கும், ராத்திரி பகல் என்று உடம்பை ஒரே சூட்டில் வைத்துக்கொள்கிறதற்கும் மீதி முழுக்கப் போய்விடும். மாதக் கடைசியில் என் பாஸ் புத்தகத்தைப் பார்த்தால் எனக்கும் லேசாக இறக்கை முளைத்திருக்கிறதோ என்று சந்தேகம் வரும்.

நத்தைகுத்தியின் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் ஒரு சந்து தெரியும். பாக்குவெட்டி மாதிரி நத்தையை நசுக்கத்தான் இது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. கீழ் அலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் நுழைத்து, சதையை அறுத்து, ஓடு நொறுங்காமல் உருவி எடுக்கிறது. நேர்த்தியான வேலை. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது. வளர வளரத்தான் வரும்.

இந்தக் கணக்குப்பிள்ளை வேலையை உலகத்தில் முதலில் ஒழுங்காகச் செய்தவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். மின்னசோட்டா மாநிலத்தில் சீடார் பாக் ஏரி என்று ஒரு சேற்றுக் குட்டை. நம் ஊர்த் தாங்கல் மாதிரிதான். அங்கே ஐந்து வருஷம் பாசி, பூச்சி, புழு என்று அள்ளி அள்ளி எடை போட்டு, எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு எவ்வளவு சக்தி போகிறது என்று கணக்கெழுதினார். கட்டுரையை விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினால், ஒரு குட்டையை வைத்துக்கொண்டு உலகத்துக்கே சித்தாந்தம் சொல்கிறாரே என்று பரிசீலித்தவர்கள் நிராகரித்தார்கள். அவருடைய ஆசான் ஹட்சின்ஸன் விடாமல் வாதாடி ஏற்க வைத்தார். கட்டுரை 1942 அக்டோபரில் அச்சில் வந்தது. லிண்டமன் அதைப் பார்க்கவில்லை. நோயில் விழுந்து அந்த ஜூன் மாதமே போய்விட்டார். 27 வயது முடியவில்லை.

திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரைகளை ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறவன் என்ற முறையில், எனக்கு அந்த மனிதர் மேல் தனிப் பாசம் உண்டு.

போகட்டும். நான் வேடந்தாங்கல் போனது பறவைக்காகவே இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் ரிடையர் ஆகிவிட்டார். கையில் பி.எஃப். பணம். காலையில் பேப்பரைப் பிரித்தால், செய்திக்கு முன்னால் மனை விளம்பரத்தைத்தான் படிக்கிறார். 'பறவைகள் சரணாலயத்திலிருந்து பத்தே நிமிடம்! பட்சிகளின் கானத்தில் கண் விழியுங்கள்!' என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டுவிட்டது. தை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்னையும் கிளப்பினார்.

"மாப்பிள்ளை, நீங்க கணக்கு தெரிஞ்சவர். கூட வந்தா ஒரு தைரியம். அப்படியே காலையில பறவையும் பார்த்துடலாம்."

"உங்க நாலு பேர் டிபனையும் நானே சுமந்துட்டு வரணுமா?" என்றாள் என் சகதர்மிணி. ஆனால் இட்லி மிளகாய்ப்பொடியோடு முதலில் வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் அவள்தான்.

காவல் கோபுரத்தின் மேல் நின்று மேற்படி ஒரு லட்ச ரூபாய்க் கணக்கை மாமனாருக்குச் சொன்னேன். நல்ல மனிதர். ஆடிட் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் பென்சிலால் டிக் அடித்தவர். உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்ப இந்த 74 ஏக்கர்ல விழற வெயில், இத்தனை பறவைக்கு எந்த மூலைக்கு மாப்பிள்ளை?"

"அதான் மாமா, வெளியில இருந்து வருது."

"எவ்வளவு வெளியில?"

அதுதான் கேள்வி. 1998-ல் சரணாலயம் என்று அறிவித்தபோது ஏரியோடு நிறுத்தவில்லை. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டார்கள். அதற்குள் கிராமங்கள், வயல்கள், சின்னச் சின்ன ஏரிகள் எல்லாம் அடக்கம். 2020-ல், இந்த ஐந்தை மூன்றாகக் குறைக்கலாம் என்று அரசாங்கத் தரப்பிலேயே ஒரு யோசனை கிளம்பியது. காதில் கேட்டால் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஐந்தில் இரண்டுதானே போகிறது?

ஸ்கூலில் படித்த 'பை ஆர் ஸ்கொயர்ட்' இங்கேதான் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டர் ஆரமென்றால் வட்டத்தின் பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். மூன்றென்றால் 28. நூற்றுக்கு 64 பாகம் பணால்! லாட்ஜ் அப்படியே இருக்கும், மெஸ்ஸில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கை மூடிவிடுவார்கள் என்று அர்த்தம். பலத்த எதிர்ப்பு எழுந்தது. பிறகு அந்த யோசனை வாபஸ் ஆனது. 2022-ல் வேடந்தாங்கலுக்கு ராம்சார் என்கிற சர்வதேச அந்தஸ்தும் கிடைத்துவிட்டது. இருந்தாலும் அந்த 50 சதுர கிலோமீட்டர் கொஞ்ச நாள் ஊசலாடியது ஊசலாடியதுதான்.

"மேலே தலை எத்தனைன்னு எண்றாங்க. கீழே வயல் எவ்வளவுன்னு எண்ணணும்" என்றார் மாமனார். டிக் அடித்த பென்சில் சும்மா இல்லை.

கீழே எல்லாமே சரியாக இருந்துவிட்டாலும் இன்னொரு சங்கடம் உண்டு. சக்திதான் படிக்குப் படி பத்தில் ஒன்றாகச் சுருங்கும். பூச்சி மருந்து சுருங்காது. டி.டி.டி. போன்ற சில மருந்துகள் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு, செரிக்காமல், கழியாமல் அப்படியே தங்கும். பத்து கிலோ பூச்சி தின்று ஒரு கிலோ மீனாகும்போது, பத்து கிலோவில் இருந்த விஷத்தில் பெரும்பங்கு அந்த ஒரு கிலோவில் வந்து உட்காரும். கலிஃபோர்னியாவில் கிளியர் ஏரி என்று ஒன்று. கொசு மாதிரியான ஒரு பூச்சி தொல்லை கொடுக்கிறது என்று டி.டி.டி.யின் தம்பியான டி.டி.டீ. என்கிற மருந்தை 1949-லும், பிறகு 1954-லும் தெளித்தார்கள். தண்ணீரில் ஐந்து கோடிக்கு ஒரு பங்குதான், ஒன்றும் ஆகாது என்றார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே முக்குளிப்பான் பறவைகள் சாக ஆரம்பித்தன. அவற்றின் கொழுப்பைச் சோதித்தால் பத்து லட்சத்துக்கு 1600 பங்கு! கந்து வட்டிக்காரன் கெட்டான்.

வருமானம் பத்தில் ஒன்றாக, கடன் பத்து மடங்காக... நடுத்தரக் குடும்பஸ்தர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கீழே இறங்கி வரும்போது பெரியவரிடம் மருந்தடிப்பது பற்றிக் கேட்டேன்.

"அடிக்காம முடியுதா தம்பி? இலைசுருட்டு வந்தா அடிச்சுத்தான் ஆவணும். அடிச்ச வயல்ல நாலு நாளைக்கு நாரை எறங்காது. அதுக்குத் தெரியுது." கொஞ்சம் நிறுத்தினார். "பையன் இருக்கான் சிங்கபெருமாள்கோயில் பக்கம் கம்பெனியில. நெலத்தை வித்துடலாம்னு நிக்கறான். ஏக்கர் என்ன வெலை போவுதுன்னு எங்கிட்டயே சொல்றான். நெல்லு போட்டு அந்தக் காசைப் பார்க்க நான் இன்னொரு நூறு வருஷம் இருக்கணும். அவன் சொல்றதும் கணக்குதானே?"

கணக்குத்தான். அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அவர் வயலில் நத்தை வளர்கிறதற்கு யாரும் அவருக்கு ஒரு பைசா தருவதில்லை. பார்வையாளர் டிக்கெட் வருமானம் வருகிறது, டீக்கடை ஓடுகிறது, நான் கட்டுரை எழுதி சன்மானம் வாங்குகிறேன். லாட்ஜ் பெயரில் எல்லாருக்கும் வரும்படி. மெஸ் நடத்துகிறவருக்கு மட்டும் உரமூட்டை பில்.

பெரியவர் சொன்ன எரு விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சத்து வேறு, சக்தி வேறு. தழைச்சத்து, மணிச்சத்தெல்லாம் சுற்றிச் சுற்றி வரும். வயலில் இருந்து நத்தை, நத்தையிலிருந்து நாரை, நாரையிலிருந்து ஏரி, ஏரியிலிருந்து மறுபடி வயல். மரத்தடியில் தவறி விழுகிற மீனும், செத்த குஞ்சும் கூட ஆமைக்கும், புழுவுக்கும், கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் போய், மக்கி, அதே சுற்றில் சேரும். ஒரே நூறு ரூபாய் நோட்டு ஊரெல்லாம் கை மாறுகிற மாதிரி. சக்தி அப்படி இல்லை. அது கரண்ட் பில். எரித்தது எரித்ததுதான், நேற்றைய வெயிலை இன்றைக்கு யாரும் திருப்பித் தர முடியாது. தினமும் புதிதாக வெயில் விழ வேண்டும், அதைப் பிடிக்கப் பச்சை இலையோ பாசியோ கீழே விரிந்திருக்க வேண்டும். சிமென்ட் தரையில் விழுகிற வெயிலால் ஒரு நத்தை கூட வளராது. வடாம் வேண்டுமானால் காயும்.

பதினோரு மணிக்கு மனைக்குப் போனோம். மஞ்சள் பெயின்ட் அடித்த கல், கலர் கலராகக் கொடி, ஷாமியானா, ஜூஸ். டை கட்டிய ஒரு பையன் ஓடி வந்தான்.

"வாங்க சார், வாங்க மேடம்! சரணாலய வட்டம் அஞ்சு கிலோமீட்டர், நம்ம சைட் கரெக்டா அஞ்சரை. ஒரு வில்லங்கமும் கிடையாது. பட்டா க்ளியர். பறவை உங்க தலைக்கு மேலேயே போகும் சார்."

"எங்கே போகும்?" என்றார் மாமனார்.

"சாப்பிடப் போகும் சார். டெய்லி."

மாமனார் பதில் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனை மனையாக நடந்தார். மூலையில் இருபத்தேழாம் நம்பர் மனையில், போன மழைத் தண்ணீர் இன்னும் வற்றாமல் கணுக்கால் அளவு தேங்கியிருந்தது. பழைய நெல் தாள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நத்தைகுத்தி நின்றுகொண்டு, மனைக் கல்லைச் சட்டையே செய்யாமல், சேற்றில் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. ஐந்துக்கும் ஐந்தரைக்கும் வித்தியாசம் அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை போலும்.

மாமனார் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, இந்த மனையில நத்தை இருக்கா?"

பையன் ஒரு விநாடிதான் திகைத்தான். அப்புறம் பெரிதாகச் சிரித்தான்.

"கவலையே படாதீங்க சார்! நாலடி கிராவல் மண் அடிச்சு மேடாக்கிக் கொடுத்துடுவோம். ஒரு நத்தை இருக்காது!"